ஏழாம் மேசைக்கு இரண்டு மீன்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் தயாரித்துக்கொண்டு போன ஓர் உரையை வாசிக்க விடாமல் செய்துவிட்டார்கள். இந்தக் கதை எழுதப்படுவதற்கு அது ஒன்றுதான் காரணம்.

உரையின் தலைப்பு, 'பிரெஞ்சுப் பாடல் மரபும் ஈழத்தமிழர் இசைநுகர்வும்: ஓர் ஒப்பியல் நோக்கு'. எனக்குப் பிரெஞ்சு தெரியாது. இசையும் அப்படியொன்றும் தெரியாது. ஆனாலும் ஒஸ்லோவில் கவிதைப் புத்தகம் வந்தாலும் பக்திப்பாடல் இறுவட்டு (சீடிதான்) வந்தாலும் ஆய்வுரைக்கு அருளானந்தனாகிய என்னைத்தான் கூப்பிடுவார்கள். என்னிடம் ஒரு நல்ல கோட் இருக்கிறது, சொன்ன நேரத்துக்கு வந்துவிடுவேன், யாரையும் குறைசொல்ல மாட்டேன். ஆய்வுக்கு வேறென்ன தகுதி வேண்டும்?

அது 2006ஆம் ஆண்டு இலையுதிர்காலம். இடம் ஒஸ்லோவின் புறநகரான புருசெத்தில் ஒரு மண்டபம். வெளியிடப்பட இருந்த இறுவட்டு பிரெஞ்சுப் பாடல்கள் கொண்டது. பாடியவர் எங்கள் புளோறன்ஸ். கூட வாசித்தவர்கள் மூன்று நோர்வேஜியர்கள். அவர்கள் ஜாஸ்காரர்கள்தான், ஆனால் ஜாஸ்காரர்களே இவர்களைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்வார்கள்.

எங்கள் வெளியீட்டு விழாக்களுக்குப் போயிராத வாசகருக்காக ஒரு குறிப்பு. விளக்கேற்றல், அகவணக்கம், வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, ஆய்வுரை, முதற்பிரதி வழங்கல், சிறப்புப் பிரதிகள் வழங்கல், ஏற்புரை, நன்றியுரை. இவற்றுக்கு நடுவில் எங்காவது இடம் கிடைத்தால் இறுவட்டில் உள்ள பாட்டு ஒன்றும் பாடப்படும். அன்று அது ஒன்பதாவது நிகழ்ச்சியாக இருந்தது.

அகவணக்கம் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். போரில் போனவர்களுக்காகவும் கடல் கொண்டுபோனவர்களுக்காகவும் எல்லோரும் எழுந்து, தலைகுனிந்து, ஒரு நிமிடம் மௌனமாக நிற்போம். பிறகு அறிவிப்பாளர் 'நன்றி, அமருங்கள்' என்பார். அமர்வோம். எந்த ஊரில், எந்த மண்டபத்தில், எந்த விழாவானாலும் இப்படித்தான். அறிவிப்பாளர் சொல்லாமல் யாரும் அமர்ந்து நான் பார்த்ததில்லை.

இந்தக் கதையின் அச்சாணி அங்கேதான் இருக்கிறது. முதல் பகுதியிலேயே எடுத்துக் கையில் தந்துவிட்டேன். கெட்டிக்கார எழுத்தாளர் என்றால் கடைசிவரை ஒளித்து வைத்திருப்பார்.

2

தொடக்கம் பிடிபடவில்லை. எழுதிப் பார்த்தவற்றை வெட்கமில்லாமல் காட்டுகிறேன்.

முதல் தொடக்கம்: 'பாரிஸ் நகரத்து மழை ஒரு பழைய காதல் கடிதத்தைப் போல...' (நான் பாரிஸுக்குப் போனது ஒரு கல்யாண வீட்டுக்கு, இரண்டு நாள். மழை பெய்யவில்லை. விட்டுவிட்டேன்.)

இரண்டாவது: 'கலை என்பது எல்லைகளைக் கடந்தது என்பார்கள். அவ்வகையில்...' (இது என் ஆய்வுரையின் முதல் வரி. எப்படியோ உள்ளே நுழையப் பார்க்கிறது.)

மூன்றாவது: 'புளோறன்ஸ் சின்ன வயதிலிருந்தே பாடுவதில்...' (பொய். அவள் சின்ன வயதில் பாடவேயில்லை.)

நாலாவது தொடக்கத்தை வைத்துக்கொள்கிறேன். அது ஒரு சோற்று நேரத்தில் தொடங்குகிறது.

புளோறன்ஸ் புருசெத்தில் ஒரு பார்ணஹாகேயில், அதாவது சிறுபிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடத்தில், வேலை செய்தாள். அங்கே மத்தியானச் சாப்பாட்டு நேரம் பெரிய போர்க்களம். மீன் உருண்டையைத் தட்டில் வைத்தால் பிள்ளைகள் அதை உருட்டி விளையாடுவார்கள், வாயில் வைக்க மாட்டார்கள். ஒருநாள் அவளுக்குப் பொறுமை எல்லை கடந்தது. கையைத் தட்டி, கணீரென்று பிரெஞ்சில் கத்தினாள். 'இரண்டு மீன், ஏழாம் மேசைக்கு!' பிறகு பிள்ளைகளிடம், நான் இப்படிச் சொன்னால் நீங்கள் 'வீ, ஷெஃப்' என்று சொல்ல வேண்டும், சொன்னால்தான் சாப்பாடு வரும் என்று விதி போட்டாள். அப்படியென்றால் 'சரி, தலைமைச் சமையற்காரரே' என்று அர்த்தம். பிள்ளைகளுக்கு அர்த்தமா வேண்டும்? 'வீ, ஷெஃப்!' என்று கூரை அதிரக் கத்தினார்கள். தட்டுகள் காலியாகின.

நாளாக நாளாக அந்தக் கட்டளைகள் நீண்டன, இழுபட்டன, ஏறி இறங்கின. அது பாட்டாகிவிட்டது என்பதை அவள் கவனிக்கவில்லை. மகளைக் கூட்டிப்போக வந்து, சப்பாத்து மாட்டும் இடத்தில் நின்ற ஸ்தைனார் கவனித்தான். ஸ்தைனார் தாளவாத்தியக்காரன். ஆனால் அவன் தாளம் போடுவதில்லை. பானை மூடிகளையும் சைக்கிள் சங்கிலியையும் மேளத்தின் மேல் இழுத்து, அவை என்ன சொல்கின்றன என்று கேட்டுக்கொண்டிருப்பான். அதற்கு நோர்வே அரசாங்கம் உதவித்தொகை கொடுக்கிறது. நல்ல நாடு.

இந்தப் பாட்டை எங்கே படித்தீர்கள் என்று அவன் கேட்டான். இது பாட்டில்லை, என்னுடைய அப்பாவின் வேலை என்று அவள் சொன்னாள்.

3

அப்பாவைப் பற்றி.

அவர் பாரிஸில் ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை செய்தார். வந்து பல மாதங்களுக்கு அவருக்குத் தெரிந்த பிரெஞ்சு முழுவதும் அந்தச் சமையலறையில் கத்தப்பட்ட கட்டளைகள்தான். இரண்டு மீன், ஏழாம் மேசைக்கு. ஒரு வெங்காய சூப், மூன்றாம் மேசைக்கு. ஷெஃப் கத்துவார், உள்ளே நிற்கிற எல்லோரும் ஒரே குரலில் 'வீ, ஷெஃப்' என்பார்கள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் இடையில் உணவகம் மூடியிருக்கும். அந்த இடைவெளியில் அப்பா வீட்டுக்கு ஓடி வருவார். அந்நேரம் அம்மா அலுவலகங்களைத் துப்புரவாக்கப் புறப்பட்டிருப்பார். உடுப்பில் வெங்காய மணத்தோடு அப்பா உட்கார்ந்து, சோற்றைக் குழைத்து, ஒவ்வொரு வாய்க்கும் ஒரு கட்டளை கத்துவார். புளோறன்ஸ் 'வீ, ஷெஃப்' என்று சொல்லி வாயைத் திறப்பாள். அவளுடைய முதல் பிரெஞ்சுப் பாடம் அதுதான். அவளுக்குப் பத்தொன்பது வயதில் அப்பா இறந்துபோனார். இரண்டு வருடம் கழித்து பிலேந்திரனைக் கட்டிக்கொண்டு ஒஸ்லோவுக்கு வந்தாள்.

(இந்தப் பந்தியை எழுதும்போது புளோறன்ஸ் அழுதாள் என்று ஒரு வரி போட்டிருந்தேன். கைப்பிரதியை வாசிக்கக் கொடுத்தபோது அவள் பென்சிலால் ஓரத்தில் எழுதினாள்: 'அண்ணை, நான் அழேல்லை. சிரிச்சுச் சிரிச்சுத்தான் சொன்னனான். நீங்கள்தான் மூக்கை உறிஞ்சினனீங்கள்.' வரியை எடுத்துவிட்டேன். மூக்கு என் சொந்த விஷயம்.)

4

ஒலிப்பதிவு ஆக்கர்ஸ் ஆற்றங்கரையில் ஒரு பழைய தொழிற்சாலைக்குள் நடந்தது. நான் போகவில்லை. ஆனாலும் போனதுபோல் எழுதப்போகிறேன், மன்னிப்பீர்கள்.

ஸ்தைனாரோடு இரண்டு பேர். டபுள் பாஸ் என்ற ஆளுயரப் பிடிலை வாசிப்பவள் சிக்ரிட். கிளாரினெட் ஊதுபவன் யூஹான். இவன் கிளாரினெட்டுக்குள் காற்றை மட்டும் விடுவான், சுரம் வந்துவிடும் போலிருந்தால் நிறுத்திவிடுவான். ஸ்தைனாரின் வற்புறுத்தலில் மீன் கட்டளைகளோடு இன்னும் எட்டுப் பாட்டுக் கட்டி, அந்த ஒன்பதையும் கொண்டு புளோறன்ஸ் அவர்கள் நடுவில் போய் நின்றாள். எல்லாமே பாரிஸில் தமிழ்ச்சனம் குடியிருந்த சின்ன அறைகளைப் பற்றியவை. எட்டுப் பாட்டு கரடுமுரடு. ஒன்று மட்டும் ஊஞ்சலாட்டம் போன்ற இனிய மெட்டு.

அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. வாசிக்கத் தொடங்கும் முன் எல்லோரும் எழுந்து நிற்பார்கள். தலையைக் குனிந்துகொள்வார்கள். ஒரு நிமிடம் பேச்சு மூச்சு கிடையாது. அந்த அறை என்ன சத்தம் போடுகிறது என்று கேட்பார்கள். குழாய் முனகும், சன்னல் நடுங்கும், யாருடைய வயிறாவது பேசும். பிறகு யாருக்குத் தோன்றுகிறதோ அவர் தொடங்குவார். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவது கிடையாது. எந்தப் பாட்டு என்பதும் தொடங்குகிறவர் கையில்.

முதல் நாள் புளோறன்ஸுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. இதென்ன, ஏதும் செத்த வீடா என்று நினைத்தாளாம். மூன்றாம் நாள் அவளுக்கும் அந்த அறையின் சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டது.

மீன் பாட்டை ஒலிப்பதிவு செய்த அன்று சிக்ரிட் ஒன்று கேட்டாள். ஒவ்வொரு கட்டளைக்குப் பிறகும் ஓர் இடைவெளி விடுகிறாயே, அதில் யாராவது ஏதாவது வாசிக்கட்டுமா? வேண்டாம் என்றாள் புளோறன்ஸ். அது ஆட்கள் பதில் சொல்கிற இடம். ஆட்கள் இல்லை, ஆகவே சும்மா கிடக்கட்டும்.

இறுவட்டில் அந்த இடங்கள் அப்படியே இருக்கின்றன. வாங்கிய பலர், தங்கள் இயந்திரம் விக்குகிறது என்று நினைத்துத் துணியால் துடைத்தார்கள். நானும் துடைத்தேன்.

5

இப்போது எனக்குச் சந்தேகம் தருகிற பாத்திரத்திடம் வருகிறேன். பிலேந்திரன்.

கைப்பிரதியை வாசித்த நண்பர் ஒருவர், இப்படி ஒரு புருஷன் கதைக்கு உதவ மாட்டான் என்றார். பெண்சாதி மூன்று நோர்வேஜியர்களோடு சேர்ந்து சங்கிலிச் சத்தத்துக்கு நடுவே பாடுகிறாள், இவன் கோபப்பட வேண்டாமா? சந்தேகப்பட வேண்டாமா? சரி, முயன்று பார்ப்போம் என்று எழுதினேன்: 'பிலேந்திரன் மேசையில் ஓங்கி அடித்தான். "இந்த வீட்டிலை..."' அதற்கு மேல் அவன் பேச மறுத்துவிட்டான். எனக்குத் தெரிந்த பிலேந்திரன் மேசையில் அடிக்கிற ஆளில்லை. பஸ் ஓட்டுகிறவன். தரிப்பிடத்தில் பஸ்ஸைப் பிடிக்க ஓடி வருகிற ஆளுக்காகக் கதவைத் திறந்து வைத்துக் காத்திருப்பவன். அவனை வில்லனாக்க என் பேனாவுக்குத் தெம்பில்லை.

அவன் செய்த ஒரே தப்பு, சந்தோஷம் தாங்காமல் மண்டபத்தை எடுத்ததுதான். புளோறன்ஸிடம் கேட்கவில்லை. என் பெண்சாதி இறுவட்டு வெளியிடுகிறாள் என்று தேவாலயத்தில் சொன்னான், மரக்கறிக் கடையில் சொன்னான், பஸ்ஸில் ஏறிய தமிழர் எல்லோரிடமும் சொன்னான். பக்கத்து ரொம்மனிலிருந்து தூரத்துத் துரொண்ட்ஹெய்ம் நகரம் வரை செய்தி போய்விட்டது. பிரெஞ்சுப் பாட்டு என்றதும் சனம் அதை லூர்து மாதா பாட்டு என்று தானாகவே முடிவு செய்துகொண்டது. அவன் மறுக்கவும் இல்லை, ஏனென்றால் அவனுக்கே தெரியாது. முடியும்வரை கேட்கக்கூடாது என்று அவள் தடை போட்டிருந்தாள்.

முதற்பிரதி வாங்க அருட்செல்வம் ஒத்துக்கொண்டார். அவரைத் தெரியாதவர் யார்? புருசெத்தில் பெரிய கடைக்காரர். தமிழர் வெளியிடும் எல்லாவற்றுக்கும் முதற்பிரதி அவருக்குத்தான். எப்போதும் மூன்று துண்டுக் கோட்டு சூட்டு, அதிகம் பேசமாட்டார். நோர்வேக்கு முன் எங்கே இருந்தார் என்று யாராவது கேட்டால் 'அங்கை இஞ்சை' என்பார். அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

விழாவுக்கு முதல் நாள் மாலை புளோறன்ஸ் கணவனைக் காருக்குள் உட்காரவைத்து இறுவட்டைப் போட்டாள். வீட்டில் பிள்ளை நித்திரை. ஒன்பது பாட்டும் ஓடி முடிந்தன. மழை துடைப்பான் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"எனக்குப் பிரெஞ்சு ஒண்டும் விளங்கேல்லை" என்றான் பிலேந்திரன். "ஆனா உம்மடை சத்தம் எண்டு தெரியுது. அது காணும்."

"சனத்துக்கு அது காணாது. அவை சிரிப்பினம்."

"சிரிச்சா என்ன?"

"மற்றப் பாட்டுக்குச் சிரிக்கட்டும். மீன் பாட்டுக்குச் சிரிச்சா, அப்பாவைப் பாத்துச் சிரிச்ச மாதிரி இருக்கும். நான் தாங்கமாட்டன்."

கதையில் பணயமாக இருப்பது இதுதான், வேறொன்றுமில்லை. வெளியுலகத்துக்கு இது ஓர் இறுவட்டு. அவளுக்கு, அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்து தன் சனத்தின் முன்னால் நிறுத்துகிற காரியம். அந்தச் சனம் நல்ல சனம்தான், ஆனால் பதமாகச் சிரிக்கத் தெரியாத சனம்.

பிலேந்திரன் மழை துடைப்பானை நிறுத்தினான். மண்டபத்தை வேண்டாமென்று சொல்லிவிடட்டுமா என்று கேட்டான். மண்டபம் இருக்கட்டும் என்று சொல்லி அவள் கைத்தொலைபேசியை எடுத்து சிக்ரிட்டிடம் பேசினாள். நாளைக்கு ஊஞ்சல் பாட்டு மட்டும். அழகாக, மெதுவாக, எல்லோருக்கும் பிடிக்கிற மாதிரி. மீன் பாட்டு வேண்டவே வேண்டாம். சரி என்றாள் சிக்ரிட். நோர்வேஜியர்கள் வாக்குத் தவற மாட்டார்கள்.

(ஓரக் குறிப்பு, புளோறன்ஸ்: 'இதிலை ஒரு விஷயம் விட்டிட்டியள். போனை வைச்சாப் பிறகு அவர் திரும்பவும் மீன் பாட்டைப் போடச் சொன்னவர். ரெண்டு தரம்.')

6

நான் மேடையில் மூன்றாம் கதிரையில் இருந்தேன், மடியில் உரை. இசைக்காரர்களும் மேடையில்தான். விருந்தாளிகளைக் கீழே இருத்துவது மரியாதையில்லை என்று பிலேந்திரன் அவர்களை முதல் நிமிடத்திலேயே ஏற்றிவிட்டான். அவர்கள் வாத்தியங்களை அணைத்துக்கொண்டு இருந்தார்கள். தோளில் பொன்னாடை. ஸ்தைனார் அதன் சரிகையை விரலால் சுரண்டி, என்ன சத்தம் வருகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

மண்டபம் நிறைந்துவிட்டது. பின்பக்கச் சமையலறையில் கடலை வடை பொரிந்துகொண்டிருந்தது. அறிவிப்பாளர் உதயகுமாரி, பட்டுச்சேலை, திருத்தமான தமிழ், கையில் ஒலிவாங்கி. மண்டபத்தில் பேசுவதற்கு இருந்த ஒரே ஒலிவாங்கி அதுதான். மற்றது அந்த ஆளுயரப் பிடிலின் முன்னால் வைக்கப்பட்டுவிட்டது.

விளக்கேற்றினார்கள். உதயகுமாரி அகவணக்கத்தை அறிவித்தார். அறிவித்தது தமிழில் மட்டும்.

எல்லோரும் எழுந்தோம். தலைகுனிந்தோம். மௌனம்.

இப்போது சிக்ரிட்டின் இடத்திலிருந்து பார்க்க வேண்டும். (எனக்கு இது பின்னால்தான் தெரிந்தது. அந்நேரம் நான் தலைகுனிந்து என் முதல் வரியை மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.) ஒரு தமிழ்ச்சொல்லும் விளங்காமல் உட்கார்ந்திருக்கிறாள். திடீரென்று மண்டபம் முழுவதும், கிழவர் முதல் குழந்தை வரை, எழுந்து நிற்கிறது. தலையைக் குனிகிறது. பேச்சு மூச்சில்லாமல் கேட்கிறது. ஒஸ்லோவில் அவளுடைய கச்சேரிக்கு முப்பது பேர் வந்தால் பெரிய விஷயம், அதில் பத்துப் பேர் இடையில் எழுந்து போவார்கள். இங்கே ஒரு சனக்கூட்டம் அவர்களுடைய வழக்கத்தை அப்படியே செய்கிறது. புளோறன்ஸ் இவர்கள் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறாள் என்று நினைத்தாள். மூவரும் எழுந்தார்கள். தலைகுனிந்தார்கள். கேட்டார்கள்.

மண்டபத்தின் காற்றுக்குழாய் ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருந்தது. பின்னால் எண்ணெய் சலசலத்தது.

நிமிடம் முடிந்தது. 'நன்றி, அமருங்கள்' என்று சொல்ல உதயகுமாரி மூச்சை இழுத்தார். அதற்குள் சிக்ரிட் வில்லை எடுத்து, காற்றுக்குழாயின் அதே சுருதியைப் பிடிலில் இழுத்துவிட்டாள். ஸ்தைனார் ஒரு பானை மூடியின் மேல் தூரிகையை ஓடவிட்டான், வடைச் சட்டியின் அதே சலசலப்பு. யூஹான் காற்றை விட்டான். சமையலறைச் சத்தம் வந்தால் எந்தப் பாட்டு வரும்? மீன் பாட்டுத்தான் வந்தது. வாக்குக் கொடுத்த சிக்ரிட்டுக்கு அந்த வாக்கு நினைவிலேயே இல்லை.

ஒலிபெருக்கிக்காரர் இயந்திரம் பழுது என்று நினைத்து ஓடினார். உதயகுமாரி மூச்சை இழுத்தபடியே நின்றார். நான் குனிந்த தலையை மெல்லத் திருப்பி புளோறன்ஸைப் பார்த்தேன்.

அவள் மேடையின் கீழ், முதல் வரிசையில், பிலேந்திரனுக்குப் பக்கத்தில் நின்றாள். முகம் வெளிறியிருந்தது. பாட்டின் வாசல் திறந்துவிட்டது, உள்ளே போக வேண்டியவள் அவள். போகாவிட்டால் இது வெறும் கோளாறு. இயந்திரத்தை நிறுத்திவிட்டு வரவேற்புரைக்குப் போய்விடலாம். யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது.

அவள் பிலேந்திரனைப் பார்த்தாள். அவன் தலைகுனிந்தபடியே, உதட்டை அசைக்காமல், ஒன்று சொன்னான். எனக்குக் கேட்கவில்லை. புளோறன்ஸ் கைப்பிரதியில் எழுதித் தந்தாள்: "போம். நான் கதவைத் திறந்து வைச்சிருக்கிறன்."

புளோறன்ஸ் மேடையேறினாள். உதயகுமாரியின் கையிலிருந்த ஒலிவாங்கியை, பிடுங்கினாள் என்று சொன்னால் கோபிப்பாள், வாங்கிக்கொண்டாள்.

7

அந்த நொடியிலிருந்து எங்களை அமரச் சொல்ல ஆளில்லாமல் போய்விட்டது.

ஆகவே யாரும் அமரவில்லை. அமர்வது எப்படி? அகவணக்கத்துக்கு எழுந்தவர்கள் நாங்கள், அது முடிந்ததாக யாரும் சொல்லவில்லை. இது அகவணக்கத்தின் புது முறை போலும் என்று சிலர் நினைத்தார்கள். பிரெஞ்சுச் செபம் என்று சிலர் நினைத்தார்கள். நின்றபடி, குனிந்தபடி, மரியாதையாகக் கேட்டார்கள். சிரிக்கவில்லை. சிரிப்பதற்கு முதலில் உட்கார வேண்டும்.

அவள் பிரெஞ்சில் பாடினாள். உயர்ந்த குரலில்லை, கொஞ்சம் காற்றுக் கலந்த குரல்.

'இரண்டு மீன், ஏழாம் மேசைக்கு.'

இடைவெளி. எண்ணெய் சலசலத்தது.

'ஒரு வெங்காய சூப், மூன்றாம் மேசைக்கு.'

இடைவெளி.

'ஒரு கோழி, உப்புக் குறைய, சன்னலோரத்துப் பெரியவருக்கு.'

இடைவெளிக்குள் ஒரு குரல் வந்தது.

"வீ, ஷெஃப்."

முன்வரிசையில் மூன்று துண்டுக் கோட்டுக்குள்ளிருந்து. அருட்செல்வம். கைகள் பக்கவாட்டில், நேராக நிமிர்ந்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். தான் சொன்னது அவர் காதுக்கே அப்போதுதான் கேட்டிருக்க வேண்டும், கண்ணைத் திறந்து திகைத்துப் பார்த்தார். அவருடைய மனைவியும் திகைத்துப் பார்த்தார். அங்கை இஞ்சை என்றாரே, அந்த 'அங்கை' எங்கே என்று மண்டபம் முழுவதற்கும் தெரிந்துவிட்டது. அவர் எட்டு வருடம் பாரிஸில் கோப்பை கழுவியவர். இதை அவரே எனக்குப் பிறகு சொன்னார், எழுதவும் அனுமதித்தார்.

புளோறன்ஸின் குரல் ஒரு கணம் தடுக்கியது. பாட்டு நின்றுவிடப்போகிறது என்று பயந்தேன். அவள் அருட்செல்வத்தை நேராகப் பார்த்து அடுத்த கட்டளையைக் கொடுத்தாள். பாடியதைவிடக் கத்தியது அதிகம்.

'நாலு பாண், ஐந்தாம் மேசைக்கு!'

"வீ, ஷெஃப்!" இம்முறை அவர் தெரிந்தே சொன்னார். பின்னால் வேறு யாரோ ஒருவரும் சொன்னார்.

இந்த இடத்தில் எங்கள் சனத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மண்டபத்தில் பாதிப் பேர் கத்தோலிக்கர், மன்னாரிலிருந்தும் தீவுகளிலிருந்தும் வந்தவர்கள். செபமாலை முடிந்து பிரார்த்தனை சொல்லி வளர்ந்தவர்கள். முன்னால் ஒருவர் ஒரு வரி சொன்னால், எல்லோரும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும். மொழி எதுவானாலும் வாய் தானாகத் திறக்கும். நின்றுகொண்டிருக்கிறோம், தலை குனிந்திருக்கிறது, ஒருத்தி வரிசையாக ஏதோ சொல்கிறாள், ஒருவர் பதில் சொல்லிக் காட்டிவிட்டார். வேறென்ன செய்வார்கள்?

'இரண்டு மீன், ஏழாம் மேசைக்கு!'

"வீ, ஷெஃப்." முன்னிரண்டு வரிசை.

'ஒரு சூப், சூடாக!'

"வீ, ஷெஃப்." கத்தோலிக்கர் அனைவரும். இந்துக்களும் விடுவார்களா? எங்களுக்கும் பஜனை தெரியும்.

'மூன்று மீன், வெளிமேசைக்கு!'

"வீ, ஷெஃப்!" பார்ணஹாகேயிலிருந்து அவளைத் தெரிந்த பிள்ளைகள் குதித்துக் குதித்துக் கத்தினார்கள். அவர்களுக்கு இது பழைய பாடம். சமையலறையிலிருந்து வடை பொரித்த பெண்கள் கரண்டியோடு வந்து வாசலில் நின்று கத்தினார்கள். நானும் கத்தினேன், ஆய்வுரையைச் சுருட்டித் தொடையில் தட்டிக்கொண்டு. என் ஒப்பியல் நோக்கு அங்கேயே கசங்கிப்போனது. அதைப்பற்றி எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

சிக்ரிட் அழுதுகொண்டே வாசித்தாள். யூஹான் முதல் தடவையாக ஒரு முழுச் சுரத்தை ஊதிவிட்டான், ஊதிவிட்டு வெட்கப்பட்டான். ஸ்தைனார் தாளம் போட்டான். ஆம், தாளம், சாதாரணத் தாளம்.

பிறகு எல்லாம் தாழ்ந்தது. வில் மட்டும் மெல்ல இழுபட்டது. பாட்டின் கடைசி வரி, இறுவட்டு முழுவதிலும் தமிழில் உள்ள ஒரே வரி. அதை அவள் ஒலிவாங்கிக்குக் கிட்டப்போய், கிட்டத்தட்டப் பேசினாள். பிலேந்திரன் காருக்குள் இரண்டு தரம் திரும்பப் போடச் சொன்னது இதற்காகத்தான்.

"ஒரு வாய்ச் சோறு, என்ரை பிள்ளைக்கு."

மண்டபத்துக்கு இப்போது எல்லாம் விளங்கியது. மேசை எது, கட்டளை யார் போட்டது, பாடுகிறவள் யாருடைய பிள்ளை. ஒரு மூச்சு நேரம் யாரும் சொல்லவில்லை. அந்த இடைவெளி இறுவட்டில் இருப்பதைப்போலவே வெறுமையாகக் கிடந்தது. பிறகு எல்லோரும் சேர்ந்து, மெதுவாக, குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னோம்.

"வீ, ஷெஃப்."

8

முடிவுக்கு வந்துவிட்டேன். கையில் சில முடிவுகள் இருக்கின்றன.

முடிவு அ: மறுநாள் பெரிய நோர்வேஜியப் பத்திரிகை ஒன்று அரைப்பக்கம் பாராட்டி எழுதியது, புளோறன்ஸ் உலகம் சுற்றினாள். (எழுதிப் பார்த்தேன். அவள் ஓரத்தில் 'திங்கட்கிழமை எனக்குக் காலமை வேலை' என்று எழுதிவிட்டாள்.)

முடிவு ஆ: விழாக் குழுவில் ஒருவர் எழுந்து, இது எங்கள் பண்பாட்டுக்கு... (இவரை நான் தேடினேன். இருந்திருக்க வேண்டிய ஆள். அன்று அவரும் 'வீ, ஷெஃப்' சொல்லித் தொண்டை கட்டிப்போயிருந்தார். வெட்டிவிட்டேன்.)

முடிவு இ: நான் என் ஆய்வுரையை வாசித்தேன். (இல்லை.)

உண்மையில் என்ன நடந்தது என்று கேட்பீர்கள். அந்த மண்டபத்தை நான் விட்டுவந்த இடத்தில் இன்னும் அப்படியே வைத்திருக்கிறேன். பாட்டு முடிந்துவிட்டது. அகவணக்கத்துக்கும் பிரார்த்தனைக்கும் கை தட்டுவதில்லை, ஆகவே யாரும் தட்டவில்லை. வில் நரம்பிலிருந்து எழும்பவில்லை. சமையலறையில் வடை கொஞ்சம் கருகுகிறது. அருட்செல்வம் கோட்டின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டு நிற்கிறார். பிலேந்திரன் மேடையின் கீழ், பஸ்ஸுக்கு ஓடி வருகிற ஆளைக் கண்ணாடியில் பார்க்கிற அதே முகத்தோடு, மேலே பார்த்துக்கொண்டு நிற்கிறான். புளோறன்ஸ் சிரிக்கிறாள். அழவில்லை. அவளே சரிபார்த்துக் கையெழுத்துப் போட்ட வரி இது.

அவள் ஒலிவாங்கியைத் திருப்பிக் கொடுக்க நீட்டுகிறாள். உதயகுமாரி கையை நீட்டவில்லை. இத்தனை வருடம் எத்தனையோ விழாக்களில் சொன்ன இரண்டு சொல், இன்றைக்கு அவருக்கு வாயில் வரவில்லை. என்னிடம் நீட்டினார்கள். நான் அதை அப்படியே அடுத்த பக்கம் தள்ளிவிட்டேன்.

ஆகவே ஒலிவாங்கி இப்போது இந்தத் தாளுக்கு வெளியே, உங்கள் பக்கம் நீட்டப்பட்டிருக்கிறது. 'நன்றி, அமருங்கள்' என்று நீங்கள் சொன்னால் சனம் அமரும். வரவேற்புரை தொடங்கும், ஆசியுரை வரும், எல்லாம் ஒழுங்குக்கு வந்துவிடும். நீங்கள் சொல்லாவிட்டால் சிக்ரிட் வில்லை மறுபடி இழுப்பாள், எட்டுப் பாட்டு மிச்சம் இருக்கிறது.

அவசரமில்லை. யோசித்துச் சொல்லுங்கள். இங்கே யாருக்கும் இன்னும் கால் வலிக்கவில்லை.